அம்மா, அப்பா... அப்புறம்?

கீழே ஆறு சொற்கள் இருக்கின்றன. வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்.

நா. வா. நால். புல். ஒம்மா. அப்பா.

'நா' என்றால் நான். 'வா' என்றால் வா. 'நால்' என்றால் நாள். 'புல்' என்றால் மாடு மேய்கிற அதே புல். ஒம்மாவும் அப்பாவும் யாரென்று சொல்லவே வேண்டாம்.

ஏதோ இரண்டு வயதுக் குழந்தையின் மழலை மாதிரி இருக்கிறதா? இல்லை. அத்தனையும் அசல் கொரிய மொழி! புதுக்கோட்டை கீழராஜவீதியில் டீக்கடை வாசலில் நின்றபடி, கையிலிருக்கும் டீ ஆறுவதற்குள் ஆறு கொரியச் சொற்களைக் கற்றுக்கொண்டுவிட்டீர்கள். ஐயாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் ஒரு மொழி, கதவைக்கூடத் தட்டாமல் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது.

கொரியன் படிக்க உட்காரும் தமிழர் யாராக இருந்தாலும் முதல் நாள் இந்த இன்ப அதிர்ச்சி உண்டு. இரண்டாம் நாள் ஒரு சந்தேகம் வரும். 'அப்படியானால் கொரியன் தமிழிலிருந்து பிறந்ததா?' மூன்றாம் நாள் செல்போனில் அதற்கான பதில் வந்து விழும். ஆமாம், நூற்றுக்கணக்கான சொற்கள் ஒன்றுதான், கொரியாவின் ராணியே ஒரு தமிழச்சிதான், பெருமைப்படு தமிழா, பத்துப் பேருக்கு அனுப்பு!

அனுப்புவதற்கு முன்னால் கொஞ்சம் பொறுங்கள். இந்தக் கதை நாம் நினைப்பதைவிடப் பழையது. நாம் நினைப்பதைவிட சுவாரசியமானதும்கூட.

கொரியா நமக்குப் பழக்கமானது எப்போது? தமிழ்நாட்டில் அதை முதலில் வரவேற்றது வேறொரு கோட்டை. 1996இல் ஹூண்டாய் நிறுவனம் இங்கே கால் பதித்தது. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் தொழிற்சாலை எழுந்தது. 1998இல் சான்ட்ரோ கார் வந்தது. கூடவே கொரிய மேலாளர்கள் வந்தார்கள், அவர்களுடைய குடும்பங்கள் வந்தன, சென்னையில் கிம்ச்சி கிடைக்கும் கடைகள் வந்தன. 2006இல் இந்திய-கொரியப் பண்பாட்டு மையமான 'இன்கோ' சென்னையில் தொடங்கப்பட்டது. அதன்பின் தமிழ் பேசவைக்கப்பட்ட கொரியத் தொடர்கள். 2020 பிப்ரவரியில் 'பாரசைட்' படத்துக்கு ஆஸ்கர். இன்றைக்கு அறந்தாங்கியிலும் ஆலங்குடியிலும் கல்லூரிப் பெண் ஒருத்தி 'அன்யோங்ஹாசேயோ' என்று வணக்கம் சொன்னால், அந்த வீட்டுப் பாட்டிகூடத் திரும்பிப் பார்ப்பதில்லை.

ஆனால் தமிழ்-கொரிய உறவுக் கதையைக் கிளப்பிவிட்டவர்கள் தமிழர்கள் அல்ல. கொரியர்களும் அல்ல. ஒரு பிரெஞ்சுப் பாதிரியாரும் ஓர் அமெரிக்க வாத்தியாரும்!

பாதிரியார் பெயர் கிளாட் சார்லஸ் டாலே. மைசூர், பெங்களூர்ப் பக்கம் மறைப்பணி செய்தவர். 1874இல் பாரிஸில் கொரியத் திருச்சபையின் வரலாற்றை எழுதி வெளியிட்டார். வேடிக்கை என்னவென்றால் அவர் கொரிய மண்ணை மிதித்ததே இல்லை. அங்கிருந்த குருமார்கள் அனுப்பிய குறிப்புகளையும் கடிதங்களையும் வைத்துத்தான் எழுதினார். அந்தக் குறிப்புகளில் கொரிய இலக்கணத்தைப் பார்த்ததும் மனுஷருக்குப் பொறி தட்டியது. தென்னிந்திய மொழிகள் அவருக்குப் பழக்கமானவை அல்லவா? 'அட, இது நம்ம பக்கத்து மொழிகள் மாதிரி இருக்கிறதே!' என்ற எண்ணத்தைப் புத்தகத்தின் முன்னுரையில் பதிவு செய்துவிட்டார்.

அடுத்தவர் ஹோமர் ஹல்பர்ட். 1886இல் கொரிய அரசரின் பள்ளியில் ஆங்கிலம் கற்பிக்கப் போனார். போன இடத்தில் கொரியாவின் மீது அவருக்கு வந்தது சாதாரணக் காதல் அல்ல. கொரிய எழுத்திலேயே பாடநூல் எழுதினார். 1907இல், ஜப்பானின் பிடியிலிருந்து கொரியாவைக் காப்பாற்றச் சொல்லி ஹேக் நகரில் உலக நாடுகளிடம் முறையிடும் முயற்சிக்குத் துணை நின்றார். கடைசியில், 1949இல், சியோலிலேயே இறந்து அங்கேயே அடக்கமானார். இந்த ஹல்பர்ட் 1905இல் ஒரு புத்தகம் போட்டார். கொரிய மொழியையும் திராவிட மொழிகளையும் ஒப்பிடும் இலக்கணம்! கால்டுவெல் தன்னுடைய திராவிட ஒப்பிலக்கணத்தை வெளியிட்டது 1856இல். அரை நூற்றாண்டுக்குள் அந்தக் குடும்பத்துக்கு சியோலில் ஒரு சொந்தக்காரரைத் தேடிப் பிடித்துவிட்டார் ஹல்பர்ட். 1984இல் மார்கன் கிளிப்பிங்கர் என்ற ஆய்வாளர் அதே நூலைப் பிடித்துக்கொண்டு போய், நானூறுக்கும் மேற்பட்ட ஜோடிச் சொற்களை அடுக்கிக் காட்டினார்.

ராணி கதையும் சும்மா வந்ததில்லை. 13ஆம் நூற்றாண்டில் இர்யோன் என்ற பௌத்தத் துறவி தொகுத்த 'சம்குக் யூசா' என்ற நூலில் அது இருக்கிறது. கி.பி. 48இல் 'அயுத்தா' என்ற நாட்டிலிருந்து பதினாறு வயது இளவரசி ஒருத்தி கடல் கடந்து வந்து, சூரோ என்ற அரசனை மணந்தாளாம். பெயர் ஹொ ஹ்வாங்-ஓக். இன்றைய கிம்ஹே நகரில் அவளுக்குக் கல்லறைகூட உண்டு. லட்சக்கணக்கான கொரியர்கள் தங்களை அந்தத் தம்பதியின் வாரிசுகள் என்கிறார்கள். அயுத்தாதான் அயோத்தி என்று சொல்லி 2001இல் அயோத்தியில் நினைவுச் சின்னமே எழுப்பிவிட்டார்கள். 'இல்லையில்லை, அது பாண்டிய நாட்டுப் பக்கம்' என்று இங்கே ஒரு கட்சி. பாண்டிய நாடு என்றால் புதுக்கோட்டைக்கும் அதில் பங்கு உண்டு. வெள்ளாற்றுக்குத் தெற்கே பாண்டியர், வடக்கே சோழர் என்பது பழைய கணக்கு.

ஒரே சிக்கல்தான். கதை நடந்ததாகச் சொல்லப்படும் ஆண்டுக்கும் அது எழுதப்பட்ட காலத்துக்கும் நடுவே ஆயிரத்து இருநூறு வருஷம்! அவ்வளவு நீண்ட வழியில் கதை எங்கெங்கே தங்கி, என்னென்ன சுமந்துகொண்டு வந்ததோ. அழகான கதை, சந்தேகமில்லை. சாட்சிக் கூண்டில் ஏற்றினால்தான் தடுமாறும்.

சரி, ராணியை விடுங்கள். சொற்களை விசாரிப்போம். நீங்கள் படித்த அந்த ஆறு பேரை ஒவ்வொருவராகக் கூப்பிடலாம்.

முதலில் அம்மா, அப்பா. இவர்கள் இரண்டு பேரும் சாட்சி சொல்லவே தகுதி இல்லாதவர்கள்! ஏன்னா, உலகத்துக் குழந்தைகள் எல்லாருக்கும் உதட்டைச் சேர்த்துப் பிரிப்பதுதான் முதலில் வரும். ம, ப. அந்தச் சத்தம் கேட்ட உடனே 'என்னைத்தான் கூப்பிடுது' என்று பெற்றவர்கள் பூரித்துப்போகிறார்கள். 1960இல் ரோமன் யாகப்சன் என்ற மொழியியல் மேதை இதை விளக்கி ஒரு கட்டுரையே எழுதினார். சீனத்திலும் 'மா', பிரெஞ்சிலும் 'மமா'. ஜார்ஜியா நாட்டில் 'மாமா' என்றால் யார் தெரியுமா? அப்பா! உறவுமுறையே குழம்பிவிடும்.

அடுத்து 'வா'. 'வா' என்ற கட்டளைக்கு மட்டும்தான் நம்ம வாடை அடிக்கிறது. அதன் வேர்ச்சொல் கொரியனில் 'ஓ'. ஓ-வோடு 'அ' சேர்ந்து 'வா' என்று ஆகிறது. நம்முடைய 'வா'வோ வந்தான், வருவான் என்று வேறு பாதையில் போகிறது. முகம் ஒன்று, குடும்பம் வேறு.

'நா'? பேச்சுத் தமிழில் 'நா வரேன்' என்கிறோம், சரிதான். ஆனால் சங்க நூல்களைப் புரட்டினால் அங்கே பெரும்பாலும் இருப்பவர் 'யான்'. நான் என்பவர் பின்னால் வந்து இடம்பிடித்தவர். இரண்டு மொழியும் உண்மையிலேயே ஒரு தாய் வயிற்றில் பிறந்திருந்தால், பின்னோக்கிப் போகப் போக ஒற்றுமை கூட வேண்டும் அல்லவா? இங்கே குறைகிறது.

'புல்' கதை இன்னும் மோசம். கொரியனில் ப என்ற ஒலியை மூன்று விதமாகச் சொல்லலாம். காற்றைத் தள்ளிச் சொன்னால் புல். சாதாரணமாகச் சொன்னால் நெருப்பு. தொண்டையை இறுக்கிச் சொன்னால் கொம்பு! கிராமத்துப் பக்கம் போய் 'மாட்டுக்குப் புல் இருக்கா' என்று கேட்க நினைத்து, 'மாட்டுக்கு நெருப்பு இருக்கா' என்று கேட்டுவைக்காதீர்கள். இதைவிட முக்கியமான விஷயம், ஐந்நூறு வருஷத்துக்கு முந்திய கொரிய நூல்களில் இந்தச் சொல்லில் 'உ' இல்லை. உதட்டைக் குவிக்காமல் பல்லிடுக்கில் சொல்கிற, 'ப்ல்' மாதிரியான ஓர் ஒலி. பின்னாளில்தான் உதடு குவிந்து 'புல்' ஆனது. அதாவது, நம்முடைய புல்லைப் போல அது ஆனதே சமீபத்தில்!

மிச்சம் நிற்பவர் 'நால்' ஒருவர்தான். நிற்கட்டும். இங்கிலீஷில்கூட 'எயிட்' என்பது எட்டு, 'ஒன்' என்பது ஒன்று. அதற்காக ஷேக்ஸ்பியருக்கு ஆலங்குடியில் அத்தை வீடு இருந்தது என்றா சொல்கிறோம்? ஆயிரக்கணக்கான சொற்கள், கைவிரல் மாதிரி எண்ணிவிடக்கூடிய ஒலிகள். சில சொற்கள் மோதிக்கொள்ளத்தான் செய்யும். இன்றைய மொழியியலாளர்களில் பெரும்பாலோர் கொரியனைத் திராவிடக் குடும்பத்தில் சேர்ப்பதில்லை.

இன்னொரு அடியும் இருக்கிறது. புதிதாகப் படிப்பவர் முதலில் மனப்பாடம் செய்யும் சொற்கள் இரண்டு. வணக்கத்துக்கு 'அன்யோங்ஹாசேயோ'. நன்றிக்கு 'கம்சாஹம்னிதா'. இதில் அன்யோங், கம்சா இரண்டும் சீனத்திலிருந்து வந்தவை. கொரிய அகராதியில் பாதிக்கு மேல் அப்படி வந்த சொற்கள்தான். மணி சொல்வதைப் பாருங்கள். மூன்று மணி மூன்று நிமிஷம் என்பதற்கு 'செ ஷி சம் பூன்' என்பார்கள். மணிக்கு வருகிற மூன்று சொந்தச் சொல், நிமிஷத்துக்கு வருகிற மூன்று சீனச் சொல்! சிரிக்காதீர்கள். பதினொன்று, பன்னிரண்டு என்று எண்ணுகிற நாமும் திதி என்று வந்துவிட்டால் ஏகாதசி, துவாதசி என்கிறோம்.

ஆக, உறவு இல்லை. அப்படியானால் டாலேவுக்கும் ஹல்பர்ட்டுக்கும் பொறி தட்டியது எதனால்?

இங்கேதான் புதிதாகப் படிக்கிற தமிழருக்கு நிஜமான லாபம் காத்திருக்கிறது. 'நான் சோறு சாப்பிட்டேன்' என்பதைக் கொரியனில் அதே வரிசையில் சொல்லலாம். வினைச்சொல் கடைசியில். வேற்றுமை உருபு பெயர்ச்சொல்லின் வாலில். பள்ளியில் இங்கிலீஷ் படிக்கும்போது வாக்கியத்தைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டுத் திண்டாடினீர்களே, அந்தத் தொல்லை இங்கே இல்லை. ஜப்பானியமும் துருக்கியும் இதே வரிசைதான். உறவு இல்லாமலே ஒரே மாதிரி வீடு கட்டிக்கொண்டவர்கள்.

'க' என்று ஓர் எழுத்து. 'காகம்' என்ற சொல்லில் முதல் 'கா'வை அழுத்திச் சொல்கிறோம், நடுவில் வரும் 'க'வை மென்மையாகச் சொல்கிறோம். யாரும் சொல்லித் தருவதில்லை, தானாக வருகிறது. கொரிய 'க'வும் அதேபோலத்தான். வெள்ளைக்காரர்கள் மாதக்கணக்கில் முக்கி முனகும் பாடம் நமக்குப் பிறவியிலேயே பாஸ்.

'இது, உது, அது' என்று தமிழில் மூன்று உண்டு. நடுவில் இருக்கும் 'உது'வை நாம் தொலைத்துவிட்டோம். யாழ்ப்பாணத்தில் இன்னும் பத்திரமாக இருக்கிறது. கொரியனிலும் மூன்று. என் பக்கத்தில் இருப்பது ஒன்று, உங்கள் பக்கத்தில் இருப்பது ஒன்று, இருவருக்கும் தொலைவில் இருப்பது ஒன்று.

மரியாதைக்கு நாம் 'ங்க' ஒட்டுகிறோம். ஆமாங்க, இல்லீங்க, நானுங்களா? அவர்கள் 'யோ' ஒட்டுகிறார்கள். வினைச்சொல் என்றில்லை, எதன் வாலிலும் ஒட்டலாம். 'ஜோயோ?' என்றால் 'நானுங்களா?' வயதில் பெரியவரிடம் 'யோ'வை விட்டுவிட்டுப் பேசிப் பாருங்கள். புதுக்கோட்டையில் பெரியப்பாவை 'வா, போ' என்று சொன்னால் என்ன கிடைக்குமோ, அதேதான் அங்கேயும் கிடைக்கும்.

இங்கிலீஷ்காரருக்கு ரைஸ் என்றால் வயலில் நிற்பதும் ரைஸ், கடையில் வாங்குவதும் ரைஸ், தட்டில் விழுவதும் ரைஸ். நமக்கு அது நெல், அரிசி, சோறு. கொரியருக்கு 'ப்யோ', 'ஸ்ஸல்', 'பப்'. மூன்றுக்கு மூன்று! ஒலியில் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆனால் நாற்று நட்டு, களை பறித்து, அறுத்து, குத்தி, வடித்துச் சாப்பிட்ட ஜனங்களுக்குத்தான் இந்த மூன்றும் மூன்று பொருள் என்று தெரியும். அங்கேயும் ஒருவரைப் பார்த்ததும் 'பப் சாப்பிட்டாச்சா' என்று கேட்பது ஒரு வணக்கம். கேட்பவர் உங்களுக்கு இலை போடப்போகிறார் என்று அர்த்தமில்லை. நம்ம ஊரிலும் அப்படித்தானே!

இப்படி வாழ்க்கையில் இருக்கும் ஒற்றுமையை விட்டுவிட்டு, புல்லையும் நாளையும் காட்டிச் சொந்தம் கொண்டாடுகிறோம். போகட்டும். சொல்லில் இல்லாத ஒரு கண்ணி, எழுத்தின் கதையில் இருக்கிறது. அதற்குப் புதுக்கோட்டை வரை ஒரு நூல் நீளுகிறது.

15ஆம் நூற்றாண்டு வரைக்கும் கொரியர்களுக்குச் சொந்தமாக எழுத்து இல்லை. பேசுவது கொரியன், எழுதுவது சீன எழுத்து. ஆயிரக்கணக்கான சித்திரங்களை மனப்பாடம் செய்ய நேரமும் காசும் உள்ளவன் படித்தவன். மற்றவனுக்கு வரி ரசீதில் என்ன எழுதியிருக்கிறது, தன் மீது போட்ட வழக்கில் என்ன எழுதியிருக்கிறது, எதுவும் தெரியாது. காட்டிய இடத்தில் தலையாட்ட வேண்டியதுதான்.

அப்போது சிம்மாசனத்தில் இருந்தவர் செஜோங். எழுதப் படிக்கத் தெரியாத குடிமக்கள் தங்கள் மனதில் இருப்பதைச் சொல்ல வழியில்லாமல் தவிப்பது அவரை உறுத்தியது. 1443இல் புதிதாக 28 எழுத்துகளை உருவாக்கினார். 1446இல் அறிவித்தார். இன்று அதில் 24 புழக்கத்தில் இருக்கின்றன. பெயர் ஹங்குல். எழுத்தின் வடிவத்திலேயே வாய் தெரியும். 'ம்' என்பது ஒரு சதுரம், மூடிய வாய். 'ன்' என்பது மேலே தொடும் நாக்கின் கோணல். கெட்டிக்காரன் ஒரு காலைப் பொழுதுக்குள் படித்துவிடலாம் என்று அரசரின் அறிஞர்களே பெருமையடித்துக்கொண்டார்கள். ஏறக்குறைய உண்மைதான். நீங்களும் ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்கிப் பாருங்களேன்.

மேல்தட்டு சும்மா இருக்குமா? 1444இல் சே மால்லி என்ற பெரிய அதிகாரி கூட்டாளிகளோடு மனுக் கொடுத்தார். தனக்கென்று தனி எழுத்து வைத்துக்கொள்வது நாகரிகம் இல்லாதவர்கள் செய்கிற வேலை என்பது அவர் கட்சி. சாமானியன் படித்துவிட்டால் என்ன நடக்கும் என்பது 1504இல் தெரிந்தது. யோன்சன் என்ற கொடுங்கோல் அரசனைத் திட்டி ஹங்குலில் சுவரொட்டி ஒட்டிவிட்டார்கள். அந்த எழுத்தையே அவன் தடை செய்தான்! 'பொம்பளைங்க எழுத்து' என்று கேலி பேசினார்கள். பேசட்டுமே. பெண்கள் அதில் கடிதம் எழுதினார்கள், கதை படித்தார்கள், நானூறு வருஷம் அடுப்பங்கரையில் அதை உயிரோடு வைத்திருந்தார்கள். அரசாங்கம் அதை முறையாக ஏற்றுக்கொண்டது 1894இல்தான்.

பதினாறே வருஷம். 1910இல் ஜப்பான் கொரியாவை விழுங்கியது. 1938க்குப் பிறகு பள்ளிகளிலிருந்து கொரிய மொழி மெல்ல வெளியேற்றப்பட்டது. 1940இல் குடும்பப் பெயரையே ஜப்பானியப் பெயராக மாற்றச் சொன்னார்கள். அந்த நேரத்தில் கொரிய மொழிச் சங்கத்தைச் சேர்ந்த சிலர் ஊர் ஊராகச் சொற்களைத் திரட்டி அகராதி தயாரித்துக்கொண்டிருந்தார்கள். துப்பாக்கி இல்லை, வெடிகுண்டு இல்லை. வெறும் சொற்கள். 1942இல் போலீஸ் அவர்களை அள்ளிக்கொண்டு போனது. 33 பேர். அடி, சித்திரவதை. இரண்டு அறிஞர்கள் சிறையிலேயே செத்துப்போனார்கள். கையெழுத்துப் பிரதி பறிமுதல் ஆகி, எங்கேயோ மறைந்தது.

1945 ஆகஸ்டில் ஜப்பான் சரணடைந்தது. செப்டம்பரில் சியோல் ரயில்நிலையக் கிடங்கில் கேட்பாரற்றுக் கிடந்த காகிதக் கட்டுகளைப் பிரித்தார்கள். அகராதி! 1947இல் முதல் தொகுதி அச்சானது. 1957இல் ஆறாவது தொகுதியோடு நிறைவடைந்தது.

'முல்' என்றால் தண்ணீர், 'பப்' என்றால் சோறு என்று இன்றைக்கு நாம் செல்போனில் விரலால் தள்ளித் தள்ளிப் படிக்கிறோமே, அந்த முல்லையும் பப்பையும் தாளில் எழுதி வைத்ததற்காக ஆட்கள் சிறைக்குப் போயிருக்கிறார்கள்.

இப்போது புதுக்கோட்டைக்கு வாருங்கள். எழுத்துக்குப் பஞ்சமில்லாத மண் இது. சித்தன்னவாசல் ஏழடிப்பட்டத்தில் ஈராயிரம் ஆண்டுப் பழமையான தமிழ்ப் பிராமி. குடுமியான்மலையில் இசைக்கே கல்வெட்டு. 1929இல் புதுக்கோட்டை சமஸ்தானம் தன் கல்வெட்டுகளைத் தொகுத்தபோது ஆயிரத்துக்கும் மேல் வந்தது. ஆனால் அதே பாறைகளுக்குப் பக்கத்தில் கல் உடைத்துக்கொண்டிருந்த பெண்களுக்கு, தங்கள் கூலிக் கணக்கைப் படிக்கத் தெரியாது. கைநாட்டு. செஜோங் பார்த்து வருந்திய அதே காட்சி, ஐந்நூறு வருஷம் கழித்து!

1989இல் கொரிய அரசின் ஆதரவோடு யுனெஸ்கோ ஒரு விருதை ஏற்படுத்தியது. எழுத்தறிவுப் பணிக்கான விருது. பெயர், செஜோங் மன்னர் விருது. 1990இல் அதைப் பெற்றது நம்ம பக்கத்து வீடு, கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத். எர்ணாகுளம் மாவட்டத்தை முழு எழுத்தறிவு பெறவைத்த அமைப்பு. அந்த அலை தமிழ்நாட்டுக்கும் வந்தது. 1991இல் மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில், தமிழ்நாடு அறிவியல் இயக்கத் தொண்டர்கள் துணையோடு புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் தொடங்கியது. ராத்திரி நேரத்தில் தெருவிளக்கின் கீழே, கோயில் திண்ணையில், வேப்பமரத்தடியில் வகுப்புகள். கற்றுக்கொடுத்தவர்களுக்குச் சம்பளம் கிடையாது. எழுத்தோடு சேர்த்து சைக்கிளும் கற்றுக்கொண்டார்கள் பெண்கள். ஆயிரக்கணக்கில் சைக்கிளில் போன அந்தப் பெண்களைப் பற்றிப் பத்திரிகையாளர் சாய்நாத் எழுத, உலகமே படித்தது. அந்த வகுப்புகளை ஆராய்ந்து பிரான்சிஸ் கோடி என்ற மானுடவியலாளர் எழுதிய புத்தகம் 2013இல் வெளிவந்தது.

அறிவொளிப் புத்தகத்தின் முதல் பாடம் எது தெரியுமா? 'அ, ஆ' அல்ல. அணில், ஆடு அல்ல. 'பட்டா', 'படி'!

இதைவிடச் சிறந்த முதல் பாடம் இருக்க முடியுமா? நிலமில்லாத ஒரு பெண்ணுக்கு வாழ்நாள் முழுவதும் காதில் விழுந்த, கைக்கு மட்டும் வராத சொல் பட்டா. அதை அவளே எழுதுகிறாள். வளர்ந்தவர்களுக்குக் கற்பிக்கும்போது அவர்கள் வாழ்க்கையைப் பிடித்து ஆட்டுகிற சொல்லிலிருந்து தொடங்க வேண்டும் என்று பிரேசில் நாட்டு பாவ்லோ ஃப்ரேயர் சொன்ன வழி அது. அவர் அங்கே கூலித் தொழிலாளிகளுக்கு 'செங்கல்' என்ற சொல்லைக் கற்பித்தார். இங்கே பட்டா.

கொரியன் படிக்க ஆசைப்படுகிறீர்களா? அறிவொளி வழியே உங்களுக்கும் போதும். முதலில் அந்த 24 எழுத்துகள். இங்கிலீஷ் எழுத்தில் எழுதிவைத்துக்கொள்ளவே கூடாது, அது ஊன்றுகோல் மாதிரி, பிடித்தால் விடாது. அடுத்து, உங்கள் நாளை ஓட்டுகிற சொற்கள். தண்ணீருக்கு 'முல்'. சோற்றுக்கு 'பப்'. ஆமாம் என்பதற்கு 'நே'. இல்லை என்பதற்கு 'அனியோ'. ஒரு நாளைக்கு ஐந்து போதும். தண்ணீர் குடிக்கும்போதெல்லாம் 'முல்' என்று சொல்லிக்கொள்ளுங்கள், வீட்டில் இருப்பவர்கள் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள், பரவாயில்லை. கொரியத் தொடரில் காதலி காதலனைப் பார்த்து 'ஒப்பா' என்று கூப்பிட்டால் பதறாதீர்கள். அது அப்பா அல்ல, அண்ணன். வயதில் மூத்த காதலனையும் அங்கே அப்படித்தான் அழைப்பார்கள். இது தெரிந்தால் பாதித் தொடர் புரிந்துவிடும்.

வழியில் 'நாள்' மாதிரி ஏதாவது ஒரு சொல் கண்ணில் பட்டால் சந்தோஷப்படுங்கள். தெரியாத ஊரில் தெரிந்த முகத்தைப் பார்த்த சந்தோஷம் அது, தப்பே இல்லை. ஆனால் உடனே பத்திரத்தைத் தூக்கிக்கொண்டு 'இது எங்க தாத்தா சொத்து' என்று கிளம்ப வேண்டாம். ஒரு ராஜா உருவாக்கி, பெண்கள் காப்பாற்றி, அறிஞர்கள் சிறையிலிருந்து மீட்டுக்கொண்ட மொழி அது. அதை மதிக்க, அது நம் வீட்டுப் பிள்ளையாக இருக்க வேண்டும் என்ற அவசியமில்லை.

புதுக்கோட்டைப் பெண்கள் தெருவிளக்கடியில் எழுதிப் பழகிய அந்த இரண்டு சொற்களை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அவர்களுக்கு இரண்டுமே வேண்டியிருந்தது. கொரிய மொழியிடம் நமக்கு ஒன்று போதும்.

பட்டா கேட்காதீர்கள். படியுங்கள்.